சிரிக்காத முகம் தேவை

முதலில் வந்தது பனிக்கரடி.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியை வாடகைக்குப் பிடித்து, ‘புகையில்லா நாளை இயக்ககம்’ என்று போர்டு மாட்டினார்கள். கரி, டீசல், பெட்ரோல் இந்த மூன்றின் மேலும் சனங்களுக்கு வெறுப்பு வர வேண்டும், அதுவும் படத்தைக் காட்டியே வர வேண்டும். மேலிடம் இயக்ககத்துக்கு இட்ட வேலை அது. கரண்டை நம்ப முடியாது என்று மண்டபத்து டீசல் ஜெனரேட்டரை எந்நேரமும் ஓடவிட்டு, குளுகுளு அறையில் உட்கார்ந்து வெகுநாள் யோசித்தார்கள்.

யோசித்து, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற சமயத்தில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தக் கரடியைக் கட்டினார்கள். உருகுகிற பனிப்பாளத்தின் மேல் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைக் கரடி. கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். இயக்குநர் கலைவாணன் காரை விட்டு இறங்காமலேயே பார்த்துக் கண் கலங்கினார். அப்புறம் ஆளை விட்டு விசாரித்தால், அந்தப் படத்துக்கு முன்னால் நின்றால் உடம்புக்கு ஜில்லென்று இருக்கிறது என்றார்களாம். செந்துறை பஸ்சுக்கு நின்ற ஓர் அம்மாள், “இந்த ஐஸ் கடை எந்தத் தெருவுலங்க இருக்கு?” என்று கேட்டு, பதில் தெரியாமல் விழித்த ஆளைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

அடுத்து புகைபோக்கி. வானமே தெரியாதபடி கரும்புகை கக்குகிற ஆலைப் படம். மறுநாள் விடிந்ததும் மண்டபத்து வாசலில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் வரிசையில் நின்றார்கள். புது ஆலை வருகிறதாமே, ஆள் எடுக்கிறார்களாமே என்று.

கலைவாணன் அன்று அதிகாரிகளைக் கூட்டிப் பேசினார். “கரடியைக் காட்டினா குளிர்ச்சியா இருக்குங்கறான். புகையைக் காட்டினா வேலை கேக்கறான். இந்த மக்களுக்கு மனுச முகம்தான் வேணும். பார்த்ததும் நெஞ்சு பதறணும். அப்படி ஒரு முகம் கிடைக்கற வரைக்கும் நாம யாரும் ஓயக் கூடாது.” எல்லாரும் கை தட்டிவிட்டு, வாசலில் ஓடிக்கொண்டிருந்த கார்களில் ஏறிச் சாப்பிடப் போனார்கள்.

அந்த முகம் தானாகவே பஸ் ஏறி வந்தது. அதுதான் அரியமுத்துவின் போதாத காலம்.

அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையில் அரியமுத்துவுக்கு ஒரு பஞ்சர் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. சுண்ணாம்புக்கல் லாரி ஒரு பக்கம், ஆலைக்குக் கரி ஏற்றிக்கொண்டு வருகிற லாரி இன்னொரு பக்கம் என்று ராப்பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். முற்றத்தில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் எடுக்கும்போது வேறு நிறத்தில் இருக்கும். அரியமுத்துவை இதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் அவன் பெண்டாட்டி பரிமளாவை. இருமலில் ஆரம்பித்தது, இழுப்பில் வந்து நின்றது. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். பேசினால் மூச்சு வாங்கும். ஆனாலும் பேசாமலும் சிரிக்காமலும் இருக்க அவளுக்குத் தெரியாது.

“ஊரு லாரிக்கெல்லாம் காத்து அடிக்கிறீங்க, எனக்கும் கொஞ்சம் அடிச்சு வுடுங்க” என்பாள் சிரித்துக்கொண்டே.

“இருடி, கம்ப்ரசர் சூடாவட்டும்” என்பான் இவனும். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வான்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து அழுத்தி இழுக்கிற மருந்து டப்பா ஒன்றைக் கொடுத்து, திருச்சியில் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை பஸ்சில் கூட்டிப்போனான். பாதி வழியிலேயே கண் செருகிவிட்டாள். கார் வைத்துத்தான் போக வேண்டும் என்று கடையில் கிடைப்பதை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு லாரி டிரைவர் சொன்னான், “புகைக்குன்னே பெரம்பலூர்ல ஒரு ஆபீஸ் தொறந்துருக்காங்கண்ணே. அங்க போய்க் கேளுங்க.” புகைக்கென்று ஆபீஸ் திறந்தால் புகையால் கெட்டவர்களுக்கு ஏதாவது செய்யத்தானே திறந்திருப்பார்கள்? அரியமுத்து அப்படித்தான் நினைத்தான். பெரம்பலூர் அவ்வளவு தூரமில்லை என்று, நின்று நின்று இரண்டு பஸ் மாறி அவளையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினான். மாடிப்படியில் அவள் மூன்று தடவை உட்கார்ந்தாள்.

கலைவாணன் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து, படம் எடுக்கிற சக்தியைக் கூப்பிட்டார். சக்தி பரிமளாவை ஜன்னல் பக்கம் நிறுத்திக் கேமராவைத் தூக்கினான். பரிமளா சிரித்தாள்.

“அக்கா, சிரிக்காதீங்க” என்றான் சக்தி.

வாயை மூடிக்கொண்டாள். கண் சிரித்தது.

“அக்கா, கஷ்டத்த நெனச்சுக்கிட்டுப் பாருங்க.”

“நீ என்னப் பாத்துக்கிட்டு நிக்கிற தம்பி. மனுசங்க மூஞ்சியப் பாத்தா எப்படிப்பா சிரிக்காம இருக்கறது?” என்று கேட்டுவிட்டு, இழுத்து இழுத்து இருமினாள். இருமி முடித்து, தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று மறுபடியும் சிரித்தாள்.

சக்தி உதட்டைப் பிதுக்கினான். “வரலை சார்.”

“சிரிக்கிற நோயாளியால ஒரு பிரயோஜனமும் இல்ல” என்றார் கலைவாணன் வருத்தத்தோடு. “மக்கள் என்ன நினைப்பாங்க? புகை இருந்தாலும் சந்தோஷமாத்தானே இருக்காங்கன்னு நினைப்பாங்க. மொத்த இயக்கமும் படுத்துடும்.”

அப்போதுதான் சக்தியின் பார்வை அரியமுத்துவின் மேல் திரும்பியது. பெண்டாட்டி படுகிற பாட்டைப் பார்த்துக் கையாலாகாமல் நிற்கிற ஒருவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. சக்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்று எடுத்தான். கலைவாணன் எட்டிப் பார்த்தார். “இதுதாய்யா நான் தேடின முகம்” என்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்லைங்க சார். நோவு அவளுக்குத்தாங்க” என்றான் அரியமுத்து.

“யாருக்கு நோவுங்கறது டாக்டருக்கு முக்கியம். யாருக்கு முகம் இருக்குங்கறதுதான் நமக்கு முக்கியம்” என்று கலைவாணன் அவன் தோளில் கை போட்டார். “நீங்க ஒத்துழைங்க. திருச்சி டாக்டர்கிட்ட நானே பேசறேன். அம்மாவை இயக்ககத்து வண்டியிலேயே அனுப்பி வைக்கிறேன். பரப்புரை முடிஞ்ச மறுநாளே.”

தோளில் கை போட்டுப் பேசிய முதல் அதிகாரி. அரியமுத்து கும்பிட்டான். கும்பிடும்போதும் ஒன்று எடுத்துக்கொண்டான் சக்தி.

பேனர் அடிக்கிற வேலை அரியலூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் அஜித்குமாரிடம் போனது. நடுவில் முகம், எரிகிற கரியைக் காட்ட இரண்டு பக்கமும் நெருப்பு, சுற்றிக் கறுப்புக் கரை, கீழே ‘இந்த மூச்சு நின்றது ஏன்?’ என்ற வாசகம். இப்படித்தான் கேட்டார்கள். அஜித்குமாரிடம் இது எல்லாமே ரெடியாக இருந்தது. நடு முகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கறுப்புக் கரை. கண்ணீர் அஞ்சலிக்குப் போடுகிறது. நெருப்புக்கு நெருப்பு என்று அதையே எடுத்து முகத்தை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டான். நம் ஊரில் காது குத்தினாலும் பேனர், கல்யாணம் என்றாலும் பேனர். அதிலெல்லாம் சிரித்துக்கொண்டு போன் பேசுவார்கள். சிரிக்காமல், இரண்டு விளக்குக்கு நடுவில் இருப்பவன் யாரென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அரியமுத்துவின் கடைக்கு எதிரே தொடங்கி ஊர் ஊராகப் பேனர் கட்டிய அன்று மத்தியானமே பரிமளாவின் தம்பி முத்துவேல் பூலாம்பாடியிலிருந்து ஒரு வேன் ஆளோடு வந்து இறங்கினான். மாலை, கோடி, ஊதுபத்தி எல்லாம் இருந்தது. “எங்க மாமாவ இப்படிப் பறிகொடுத்துட்டியே அக்கா!” என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தவன், வாசலில் லாரி டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்த மாமாவையே இடித்துக்கொண்டு விழுந்தான்.

பரிமளா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இழுப்பு வந்து, மருந்து வைத்து, மறுபடியும் சிரித்தாள். “செத்துட்டதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. உங்களுக்கு இனி நூறு வயசுக்குக் கொறச்சல் இல்லீங்க.”

“உனக்கும் சேத்துத்தாண்டி” என்றான் அரியமுத்து.

ஆனால் பூலாம்பாடியோடு நிற்கவில்லை. கடைக்கு வாடிக்கையாக வருகிற டிரைவர்கள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். செய்தி கேள்விப்பட்டுக் கலைவாணனும் வந்தார். தெருவெல்லாம் ஆள் உட்கார்ந்து அழுவதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. கரடிக்கு யாராவது அழுதார்களா? அரியமுத்துவை அவசரமாக வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“இனிமே நீங்க வெளிய வரக் கூடாது.”

“ஏன் சார்?”

“மக்கள் நம்பிட்டாங்க. உங்களைப் பார்த்தா அந்த நம்பிக்கை போயிடும். இது ஒரு சமூகப் பொறுப்பு. உங்களுக்குப் புரியுதா?”

“கடை இருக்கு சார். கடையத் தொறந்தாத்தான்...”

“செத்தவர் பஞ்சர் ஒட்டுவாரா?” என்று கேட்டார் கலைவாணன், மிகவும் பொறுமையாக. “நம்ம வண்டிதான் வரப்போவுதே. திருச்சி டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. கொஞ்ச நாள்தான்.”

கடை பூட்டிக் கிடந்தது. காருக்கு மிச்சம் பிடித்தது அரிசிக்கும் மருந்துக்கும் போனது. அரியமுத்து பகலெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தன் பேனருக்கு முன்னால் சனங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இயக்ககத்து ஆள் ஒருவன் அங்கே நின்று, போகிற வருகிறவர்களை மடக்கி, புகை நல்லதா கெட்டதா என்று கேட்பான். கெட்டது, ரொம்பக் கெட்டது என்பார்கள். பாவம் இந்த மனுசன் என்பார்கள். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். துடைத்துவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் புகை ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் போய் டீக்கடையில் ஒரு வடை தின்றுவிட்டான். சாயங்காலமே கலைவாணன் வந்துவிட்டார். முகம் வெளிறிப் போயிருந்தது.

“ஒரு வடை, அரியமுத்து. ஒரே ஒரு வடையில எத்தனை பேரோட உழைப்பை மென்னு முழுங்கிட்டீங்க தெரியுமா? பார்த்தவங்க நாலு பேர் இயக்ககத்து மேல நம்பிக்கை இழந்துட்டாங்க.”

“தப்புதாங்க சார். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. படம் வச்சு இத்தனை நாளாச்சே. லாரி கொறைஞ்ச மாதிரியே தெரியலீங்களே?”

“லாரியா?” கலைவாணன் புரியாமல் பார்த்தார். “லாரி எங்க இயக்ககத்துல வராதே. நாங்க மனசை மாத்தறவங்க. மனசு மாறிடுச்சு. அதுல நாங்க மாநிலத்துக்கே முன்னுதாரணம்.”

“பரிமளாவுக்கு இப்பல்லாம் படுத்தா மூச்சு வரலீங்க. உக்காந்தே தூங்கறா. வண்டி...”

“திறப்பு விழா முடியட்டும்.”

என்ன திறப்பு விழா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அரியமுத்துவின் பேனருக்குப் பக்கத்தில், அவன் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே, அதைவிடப் பெரிதாக இன்னொரு இரும்புச் சட்டம் நட்டிருந்தார்கள். அதில் இன்னும் படம் இல்லை. ஒன்றுமே இல்லாத அந்தச் சட்டம் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பரிமளா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் இடுக்கு வழியாக அதைப் பார்ப்பாள். “அதுல யாருங்க வரப்போறாங்க?” என்று ஒரு தடவை கேட்டாள். அவன் எழுந்துபோய் ஜன்னலை இறுக்கிச் சாத்தினான்.

“உங்க முகம் மக்களுக்குப் பழகிடுச்சு. இப்ப யாரும் சரியா அழறதில்ல. அடுத்த முகம் வேணும்” என்றார் கலைவாணன், போகும்போது.

“யாரு சார் அது?”

“இன்னும் அமையலை. ஆனா தேதி குடுத்தாச்சு. மேலிடத்துலேருந்து பெரியவர் வர்றார்.”

முகம் அமையவே இல்லை. தேதி வந்துவிட்டது. தேதி வந்தால் விழா நடந்தாக வேண்டும், அதை யாராலும் தடுக்க முடியாது. அஜித்குமார் வெள்ளையாகவே ஒரு பேனர் அடித்துக் கொடுத்தான். நடுவில் முகம் வருகிற இடத்தில் முட்டை வடிவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் வழக்கமான விளக்கு. கீழே, ‘அடுத்தது யார்?’

விழா அன்று காலையிலிருந்தே கார்கள் வர ஆரம்பித்தன. பெரம்பலூரிலிருந்து புறப்பட்ட பசுமை ஊர்வலம் சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. எல்லாக் காரிலும் பச்சைக் கொடி, எல்லாக் காரிலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசிக்காக. செண்டை மேளம் முழங்கியது. இயக்ககத்து வண்டியும் வந்திருந்தது. அரியமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். அதன் மேல் ஜெனரேட்டரை ஏற்றி வைத்திருந்தார்கள்.

பெரியவர் பேசினார். “மக்களே! கரிக்கு முகம் கிடையாது. டீசலுக்கு முகம் கிடையாது. ஆனால் இந்த இயக்ககம் அதற்கு ஒரு முகம் கொடுத்திருக்கிறது. அந்த முகம் அடுத்து உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதை நினைக்கும்போது எனக்கு மிகவும் பெருமையாக இருக்கிறது.” சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்தார். ஆளில்லாத வட்டத்தைப் பார்த்து எல்லாரும் கை தட்டினார்கள். நம் வழக்கப்படி வெடி வைத்தார்கள். பத்தாயிரம் வாலா. பேனர் காலடியில் தொடங்கி, அரியமுத்து வீட்டு வாசல் வரை பாய் விரித்த மாதிரி நீட்டிவிட்டிருந்தார்கள்.

வெடித்து முடிப்பதற்குள் வீட்டுக்குள் புகை மண்டி, எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. அரியமுத்து கதவிடுக்கில் துணியை அடைத்தான், விசிறினான், மருந்தை அவள் வாயில் வைத்து அழுத்தினான். டப்பாவில் ஒன்றும் இல்லை. பரிமளா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “கொஞ்சம் காத்து... காத்து வேணுங்க” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

செத்தவன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

கூட்டம் அலறி விலகியது. ஒரு பொம்பளை “ஐயோ, அவரேதான்!” என்று மயங்கி விழுந்தாள். அரியமுத்து மேடையில் ஏறிக் கலைவாணன் காலைப் பிடித்தான். “வண்டிய வுடுங்க சார். அவளுக்கு மூச்சு நிக்கிது சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

கலைவாணன் முதலில் பதறிப்போனார். பெரியவர் அவரைப் பார்த்தார். கலைவாணன் உடனே சமாளித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “பார்த்தீர்களா மக்களே! புகை இவரைச் சாகக்கூட விடவில்லை!” கூட்டம் உருகிப்போய்க் கை தட்டியது. மைக்கை மூடிக்கொண்டு அவர் குனிந்தார். “வண்டி மேல ஜெனரேட்டர் இருக்குய்யா. இறக்கினா மைக் நின்னுடும். ஐயா நிறைவுரை இன்னும் பாக்கி இருக்கு. பத்து நிமிஷம் பொறு.”

அரியமுத்து கார் காராக ஓடினான். கண்ணாடியைத் தட்டினான். ஒரு கார்க்காரர் இறங்கி வந்து, நான் வருகிறேன், தூக்கிக்கொண்டு வா என்றார். நல்ல மனுசன். ஆனால் அவர் காருக்கு முன்னாலும் கார், பின்னாலும் கார். பெரியவர் கிளம்பாமல் ஒன்றும் நகராது. அரியமுத்து அவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வீட்டுக்கு ஓடினான். தூக்கிக்கொண்டு வயல் வழியாக நடந்தே போய்விடுவது என்று ஓடினான்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் சக்தி ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். புகை கொஞ்சம் அடங்கி, ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் விழுந்தது. பரிமளா சுவரில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் சிரிப்பு இல்லை, வாயிலும் இல்லை.

சக்தி கேமராவை இறக்கினான். அவன் கன்னத்திலும் தண்ணீர் ஓடியது, அதையும் சொல்ல வேண்டும்.

“வந்துருச்சுண்ணே” என்றான்.

காரியம் முடிந்த மறுநாள் வெள்ளைப் பேனரைக் கழற்றிவிட்டுப் பரிமளாவை மாட்டினார்கள். அதே விளக்கு, அதே கறுப்புக் கரை. இந்தத் தடவை பார்த்தவர்கள் யாரும் ஏமாறவில்லை. முத்துவேல் மட்டும் கல்லை எடுத்துக்கொண்டு கிழிக்கப் போனான். இயக்ககத்துக் காவலாளி பிடித்துத் தள்ளிவிட்டான். கலைவாணன் நேரில் வந்து துக்கம் விசாரித்தார். பரிமளாவின் படம் சென்னையில் எல்லாரையும் அழவைத்துவிட்டதாகவும், இந்தியாவுக்கே எடுத்துப்போகப் போவதாகவும் சொன்னார்.

“நீங்க இனிமே தாராளமா வெளிய வரலாம் அரியமுத்து. உங்க படத்தைக் கழட்டியாச்சு. கடையைத் தொறந்துக்குங்க. உங்க சாவு முடிஞ்சுபோச்சு.”

அரியமுத்து அவரைப் பார்த்தான். திட்ட வாயைத் திறந்தான். அந்த முகத்தைச் சக்தி எடுத்துவிடுவானோ என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். வெளியே, பரிமளாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

கடையைத் திறந்த அன்று முதலில் வந்து நின்றது ஒரு கரி லாரி. டிரைவர் புது ஆள். இன்ஜினை அணைக்காமலே குதித்து இறங்கி, எதிரே நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

“யாருண்ணே இந்தம்மா? பாத்தாலே நெஞ்ச அடைக்குது.”

“எங்க வூட்டுக்காரி.”

“அடப்பாவமே.” அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இந்தப் புகையெல்லாம் ஒழியணும்ணே. ஒழிச்சுக் கட்டணும்.” அப்புறம் பின் சக்கரத்தைக் காலால் உதைத்துக் காட்டினான். “இது எறங்கிக் கெடக்கு பாருங்க. ஆலை கேட் மூடறதுக்குள்ள லோடு போய்ச் சேரணும். கொஞ்சம் காத்து அடிச்சு வுடுங்க.”

அரியமுத்து கம்ப்ரசரைப் போட்டான். அது சூடாகிற வரைக்கும், எதிரே பார்க்காமல், குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.